துண்டு இருந்தால் பி.எச்.ஐ. கேட்கக் கூடாதா?

கொட்டாஞ்சேனைக்காரன்: "நடைபாதைத் துண்டு வைத்திருக்கிறவனிடம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாய் திறக்கக் கூடாது" என்று நேற்று புறக்கோட்டை இறால் வடை வண்டிகளுக்காக ஒருவர் எழுதியதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வருகிறது. துண்டு, நிற்கிற இடத்துக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு. வடையைப் பி.எச்.ஐ. பார்ப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்.

ஐந்துலாம்பு: அது நான் எழுதியது. காசு வாங்கித் துண்டு கொடுத்தால் அனுமதி கொடுத்ததுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்: இல்லை. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைக் கட்டளைச் சட்டத்தில் வருகிற அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு ஒன்று, டிசம்பர் 31இல் முடியும். உணவுக் கடை என்றால் தண்ணீர், கழிவு, வேலை செய்பவரின் மருத்துவச் சான்று எல்லாம் பார்ப்பார்கள். உம்முடைய துண்டில் தேதியும் தொகையும்தானே இருக்கிறது?

வெள்ளவத்தை அக்கா: துண்டை விடுங்கோ. ஒரே வாளித் தண்ணீரில் தட்டும் கரண்டியும் கையும் கழுவினால் பத்துத் தட்டுக்குள் எண்ணெய் மிதக்கும். குழாய் வைத்த 20 லீற்றர் கலன் ஒன்றை வண்டியில் ஏற்றலாம். வாளிக்கு ஒரு தேக்கரண்டி குளோரின் தூளும் போடலாம்.

கொட்டாஞ்சேனைக்காரன்: தேக்கரண்டிக் கணக்கு சரிவராது அக்கா. 30% குளோரின் உள்ள தூள் என்றால் 10 லீற்றருக்கு 2 கிராம், அது 60 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 60 மில்லிகிராம் குளோரின். கழுவி முடித்த தட்டை அமிழ்த்தத்தான் அந்தத் தண்ணீர். எண்ணெயும் மாவும் கிடக்கிற வாளியில் போட்டால் அவையே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. திறந்து வைத்த தூள் ஈரக்காற்றில் வீரியமும் இழக்கும்.

ஐந்துலாம்பு: தராசு வைத்தா வடைக்காரன் தண்ணீர் கலக்க வேணும்? துண்டுக்குப் பதில் சொல்லும்.

மருதானை ராசா: கொட்டாஞ்சேனைக்காரர் எப்போதும் இப்படித்தான். 2020இல் புறக்கோட்டை மரக்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தையைப் பேலியகொடைக்குக் கொண்டுபோன பேச்சிலும் ஒருவரையும் பேச விடவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்: மெனிங் சந்தையை ஏன் இழுக்கிறீர்? மத்தியானம் பொரித்த வடை கண்ணாடிப் பெட்டிக்குள் இரவு வரை கிடக்கிறது. ஆவி பிடித்து நமத்துப்போகும், மேலே இருக்கிற இறால் ஈரமாகவே இருக்கும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி பெருகும். கைப்புண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருகிற ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற கிருமி அதில் நஞ்சை விட்டால், திரும்பச் சூடாக்கினாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு போகாது. அதனால்தான் பி.எச்.ஐ. கையைக் காட்டச் சொல்லுகிறார். துண்டைக் காட்டினால் புண் ஆறிவிடுமா?

ஐந்துலாம்பு: கடைசியாகக் கேட்கிறேன். துண்டு செல்லுமா, செல்லாதா?

கொட்டாஞ்சேனைக்காரன்: இடத்துக்குச் செல்லும்.

ஐந்துலாம்பு: செல்லும் என்று ஒத்துக்கொண்டீர். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கோ.

கொட்டாஞ்சேனைக்காரன்: பாதியை வெட்டிப் படிக்க வேண்டாம். இடத்துக்கு மட்டும்!

மருதானை ராசா: அக்கா சொன்ன கலனை நிரப்ப அந்த நடைபாதையில் குழாய் எங்கே? அதைச் சொல்லாமல் கிராம் கணக்குச் சொல்லுகிறார்.

கொட்டாஞ்சேனைக்காரன்: குழாய் கேட்பது வேறு விஷயம். முதலில் துண்டு அனுமதிப்பத்திரம் இல்லை என்று எழுதும், பிறகு குழாயைப் பேசுவோம்.

ஐந்துலாம்பு: எழுத மாட்டேன்.