போர்வெல் வசூல்: முதலில் கண்மாய் மடையைப் பாருங்க

செயலாளர் மாமாவுக்கு,

வயலுக்குப் போர்வெல் போட தலைக்கு 10,000 கேட்டு வந்த மடலைப் பார்த்தேன். கோயில் கொட்டகை வசூலுக்கே இன்னும் ரசீது வரலை. அதை இப்ப இழுக்கலை.

கார்த்திகையில தங்கச்சி மாப்பிள்ளை ஊருக்குப் போயிருந்தார். கண்மாயோட நடு மடையில பலகை இத்துப்போச்சாம். சாக்குக்குள்ள வைக்கோலைத் திணிச்சு அடைச்சிருக்காங்க, அதைச் சுத்தித் தண்ணி பீச்சிக்கிட்டு ஓடுது. அவர் அனுப்பின படத்துல மடைக்குக் கீழே ஒரு கொக்கு சாவகாசமா மீன் பிடிச்சிக்கிட்டிருக்கு. கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல வேலிக்கருவை ஆளை மறைக்குது.

கணக்குக்கு வர்றேன். ராமநாதபுரம் மாவட்டத்துல வருஷ மழை 800 மில்லிமீட்டர் சொச்சம். அதுல பாதிக்கு மேல ஐப்பசியிலருந்து மார்கழிக்குள்ள கொட்டித் தீர்த்துடும். நெல்லுக்கு 1,200 வேணும். மழையில 500 கிடைச்சாலும் மீதி 700. ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர்னா 4,000 லிட்டர், ஆக 28 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 230 நடைக்கு மேல, ஒத்தை ஏக்கருக்கு! எந்தப் போர் இதை இறைக்கும்? இறைச்சாலும் நம்ம பக்கம் பல இடத்துல உப்புத் தண்ணி. கடைமடைக்காரங்க கம்பு, மிளகாய்னு போனா இதுல பாதியில ஒப்பேத்திடலாம். மடைக்கு வசூல் பண்ணுங்க, முதல் ஆளா நான் போடுறேன்.

கணக்குப்பிள்ளை பேரன், மஸ்கட்

---

டேய் கணக்குப்பிள்ளை பேரா,

1,200ங்கிறது சேறடிச்சு, நாத்து நட்டு, தண்ணியைக் கட்டி வைக்கிற தஞ்சாவூர்க் கணக்கு. நம்ம ஊர்ல என்னைக்குடா நாத்து நட்டோம்? புரட்டாசியில புழுதியில விதைச்சுட்டு வானத்தைப் பார்க்கிறவங்க நாம. பயிரோட பாதி வயசு மழையிலேயே ஓடிரும். கதிர் வர்றப்ப கண்மாய்த் தண்ணி ரெண்டு தடவை பாய்ஞ்சா நெல்லு வீட்டுக்கு வந்துரும். தடவைக்கு 5 சென்டிமீட்டர்னா ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர், ரெண்டுக்கும் 4. உன் 28 எங்கே போச்சு?

2016-ல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சு, 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கண்மாயில கணுக்கால் தண்ணிதான் கிடந்துச்சு. ஒரே ஒரு தண்ணி கேட்டு மடைக்குப் போனேன். உங்க பெரியப்பா மண்வெட்டியோட வாய்க்கால்ல குறுக்கே நின்னார். என் 3 ஏக்கரும் பால் பிடிக்காம பதராப் போச்சு. இப்ப நீ எனக்குக் கம்பு போடச் சொல்லி எழுதுறே.

ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு 48 மடை, நமக்கு 3தான். அந்த 3-லயும் நெல்லு விளைஞ்ச ஊர்டா இது.

சித்தப்பா, கோலாலம்பூர்

---

மாப்பிள்ளைக்கு,

கொட்டகை ரசீது ஸ்கேன்ல 2 பக்கம் விட்டுப்போச்சு, இன்னைக்கு அனுப்பிடுறேன். மடையில நாமளா கை வைக்க முடியாது, எழுதிக் கேட்டிருக்கு, பதில் வரலை. போர்க்காரருக்கு முன்பணம் 25,000 கொடுத்தாச்சு, திருப்பிக் கேட்டா தரமாட்டார். போர் போட பாயிண்ட் பார்த்திருக்கிறது உங்க சித்தப்பாவோட 3 ஏக்கருக்குக் கிழவரப்புல.

செயலாளர்