டிபி மாத்திரையும் சூரைக் குழம்பும்

நெய்தல்மகள்:
அப்பாவுக்கு டிபி மாத்திரை மூன்றாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை சூரைக் குழம்பு. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம்தான், முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் செம்பருத்தி நிறம். "தலைக்குள்ள உலக்கை போடுறாங்க" என்றார். அதே சட்டிதான், எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன்?" உடம்பைச் சிவக்க வைக்கிற ஹிஸ்டமின் என்ற பொருள் மீனில் இருக்குமாம். அதைக் குடலிலேயே உடைக்கிற நொதியை டிபி மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் முடக்கிவிடுமாம். ஊசி போட்டதும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. குழம்பு வைத்தது நான். மாத்திரை கொடுத்தபோது மீனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

துறைமுகத்தான்:
மாத்திரை மேல் பழி போடாதீங்க, மீன் கெட்டது. நாங்கள் நாலு பேர், யாரும் எந்த மருந்தும் சாப்பிடுவதில்லை. கடற்கரையில் சூரை வறுவல். முதல் வாயிலேயே மிளகைக் கடித்த மாதிரி நாக்கு சுருக்கென்றது. மசாலா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறோம், எல்லாம் குங்குமம். நெஞ்சு படபடக்க ஆரம்பித்ததும்தான் சிரிப்பு நின்றது.

பழைய ஐஸ்பெட்டி:
எனக்கும் ஒருமுறை அயிலையில் ஆனது, அதை விடுங்க. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சூரை, அயிலை மாதிரி மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் பாக்டீரியாதான் சாகும், ஹிஸ்டமின் அப்படியே கிடக்கும். மோந்து பார்த்தும் பிடிபடாது. நம் உடம்பில் அதை வடிக்க இரண்டு வாய்க்கால்: குடலில் டயமின் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, அதைத் தாண்டினால் கல்லீரலில் இன்னொரு நொதி. கெட்ட மீன் பெருமழை, வாய்க்கால் தாங்காது. ஐசோனியாசிட் வாய்க்கால் அடைப்பு, தூறலே வீட்டுக்குள் வரும். இந்த மாதிரி அடைப்பு மீனோடு நிற்பதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுத்த சில மாத்திரைகள் மோனோஅமின் ஆக்ஸிடேஸ் என்ற இன்னொரு நொதியை முடக்கும். அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சீஸ் தின்றதும் ரத்த அழுத்தம் எகிறியது. அந்த நொதி உடைக்க வேண்டிய, சீஸில் உள்ள டைரமின் என்ற பொருள்தான் காரணம். 1963-இல் லண்டனில் பேரி பிளாக்வெல் என்ற மருத்துவர் இதை எழுதினார். மீனை நிறுத்துங்க, டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க. மீன் வாங்கப் போகும்போதே ஐஸ்பெட்டி கொண்டுபோங்க. சிவந்து மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

துறைமுகத்தான்:
அந்த அயிலைக் கதையைச் சொல்லுங்க சாமி, கிளாஸ் அப்புறம் எடுக்கலாம்.

நெய்தல்மகள்:
மாத்திரையை நிறுத்தவில்லை. கோர்ஸ் முடியும் வரை வீட்டில் முருங்கைக்காய்க் குழம்புதான். நேற்று மீன்காரம்மா குரல் கேட்டு அப்பா வாசல்வரை போனார். என்னைப் பார்த்ததும் செருப்பை நேராக எடுத்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.