லேசரில் செதுக்கிய சீலில் புள்ளி நிற்க மாட்டேன் என்கிறது

ஜெராக்ஸ்கடை:

வணக்கம். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சீல் கேட்டு வருகிறவர்களை இத்தனை நாள் டவுனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், நாமே போடலாமே என்று 40 வாட் சி.ஓ.2 லேசர் மிஷின் ஒன்று, அந்த நீலப்பெட்டிதான், பழசாக வாங்கிவிட்டேன். லேசர் ரப்பர் ஷீட் 2.3 மி.மீ. இங்கிலீஷ் சீல் ஓரளவு வருகிறது. தமிழில் போட்டால்தான் மானம் போகிறது. போன வாரம் ஒரு மகளிர் குழுவுக்குச் 'செயலாளர்', 'பொருளாளர்' என்று இரண்டு சீல் போட்டேன். பிரஷ்ஷால் தூசியைத் தேய்த்துக் கழுவும்போதே ஒரு புள்ளி போய்விட்டது, மிச்சமிருந்தது நாலு தடவை பேப்பரில் குத்தியதும் போய்விட்டது. 'செயலாளர' என்று விழுகிறது. பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அந்த அம்மா வந்து நின்றபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

இன்னொன்று, காலையில் ஆழமாக வெட்டுகிற அதே செட்டிங் மூன்று மணிக்கு மேலோட்டமாகத்தான் வெட்டுகிறது. லேசர் கதிர் உண்டாகிற டியூப் போய்விட்டதா? புதுசு மாற்ற இப்போது கையில் காசு இல்லை.

அச்சுப்பிள்ளை:

புள்ளி உதிர்வதற்குக் காரணம், எழுத்தைச் சுற்றிச் செங்குத்தாக வெட்டியிருக்கிறீர்கள். ஒரு புள்ளி அரை மி.மீ. அகலம்கூட இருக்காது, அது முக்கால் மி.மீ. உயரத்துக்குத் தனிக் குச்சியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ரப்பராக இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்? எழுத்தின் அடிப்பாகம் மலை அடிவாரம் மாதிரி சரிந்து அகலமாக வர வேண்டும். லேசர் மிஷினை ஓட்டுகிற ஆர்.டி.ஒர்க்ஸ், லைட்பர்ன் மென்பொருள் இரண்டிலும் ராம்ப் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, எழுத்துப் பக்கம் வரும்போது பவரைக் குறைத்துத் தள்ளிப் போகப் போக ஏற்றும். மினிமம் பவரையும் மேக்சிமம் பவரையும் ஒரே எண்ணாக வைத்துவிட்டு ராம்ப் வேலை செய்யவில்லை என்று புலம்பாதீர்கள் (நான் இரண்டு நாள் புலம்பினேன்). மினிமம் நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

ஜெராக்ஸ்கடை:

அண்ணா, என் மிஷினில் பவருக்கு ஒரு திருகுதான் இருக்கிறது, பக்கத்தில் மில்லி ஆம்பியர் காட்டும் முள். கம்ப்யூட்டரிலிருந்து பவரை மாற்றவே முடியவில்லை. கே40 விஸ்பரர் என்கிற மென்பொருளில்தான் ஓட்டுகிறேன்.

நீலப்பெட்டிக்காரன்:

தம்பி, அந்த மிஷினோடு வருகிற கண்ட்ரோல் போர்டில் ராம்ப் வராது. போர்டை மாற்றினால் வரும், ஆனால் இப்போதைக்கு அதில் காசைப் போடாதீர்கள். நான் நாலு வருஷமாக அதே பெட்டியில்தான் சீல் போடுகிறேன், படிக்கட்டு வேலை செய்துகொள்வேன்.

இங்க்ஸ்கேப் என்கிற படம் வரைகிற மென்பொருளில் தமிழை யூனிகோடில் அடித்து, ஷிப்ட் கண்ட்ரோல் சி போட்டு எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். லேசர் மென்பொருளுக்குள்ளேயே தமிழ் அடிக்கப் பார்த்தால் சிலதில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்த்துப் போட்டுவிடும். அப்புறம் புள்ளிகளைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தை ஒட்டாத அளவுக்குக் கீழே இறக்குங்கள். பார்க்கக் குண்டாகத் தெரியும், பரவாயில்லை, பேப்பரில் விழும்போது சரியாக இருக்கும். இதை ஒரு காப்பி எடுத்து, காப்பியை மட்டும் சுற்றிலும் 0.25 மி.மீ. பெருக்குங்கள், அதற்கு பாத் மெனுவில் அவுட்செட் இருக்கிறது. இப்போது ஒல்லி, குண்டு என்று இரண்டு படம். இரண்டையும் ஒரே அளவுச் சட்டத்துக்குள் வைத்து, சட்டம் கறுப்பு, எழுத்து வெள்ளை என்று ஆக்கி, இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள் (எச் விசை). முதலில் ஒல்லியைப் பவர் குறைத்து ஒரு தடவை. ஷீட்டை அசைக்காமல் அதே இடத்தில் குண்டைப் பவர் ஏற்றி ஒன்றோ இரண்டோ தடவை. மேலே உண்மையான எழுத்து, கீழே அகலமான பீடம். புள்ளியை நகத்தால் கீறிப் பாருங்கள், வராது.

திருகை எக்காரணம் கொண்டும் 15 மில்லி ஆம்பியருக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், டியூப் சீக்கிரம் செத்துவிடும். ஆழம் வேண்டுமென்றால் இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

எழுத்துருவும் முக்கியம். மெலிசான லதா வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழில் மீடியம், இல்லை முக்த மலர். ரொம்பத் தடிமனும் ஆகாது, 'ண'வின் சுழிக்குள் மை அடைத்துக்கொண்டு கறுப்பு உருண்டையாகிவிடும்.

டியூப்வாட்டர்:

மூன்று மணி விவகாரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. டியூப் போகவில்லை சார், டியூபைக் குளிரவைக்கிற உங்கள் பக்கெட் தண்ணீர் சூடாகிவிட்டது. சி.ஓ.2 டியூப் சூடாக ஆகப் பவர் இறங்கும். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது, நம் ஊர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பக்கெட்டை வைத்தால் பிற்பகலில் எங்கே இருக்கும் என்று நீங்களே பாருங்கள். மீன் தொட்டிக்கு வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பக்கெட்டில் போடுங்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, மூடியோடு அப்படியே பக்கெட்டில் மிதக்க விடுங்கள், இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி. ஆர்வத்தில் ஐஸ் தண்ணீராகவே ஆக்கிவிடாதீர்கள், டியூப் மேல் வியர்த்துக்கொண்டால் ஹைவோல்டேஜ் பக்கம் வம்பு. போர் தண்ணீரும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர்.

அப்படியும் ஆழம் குறைந்தால் லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் தூசி மாவு மாதிரி பறந்துபோய் அதில் உட்காரும். ஏர் அசிஸ்ட் (வெட்டுகிற இடத்தில் காற்று ஊதுவது) இல்லாமல் ரப்பர் ஓட்டுகிறீர்களா?

அச்சுப்பிள்ளை:

நாற்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவதற்கு முன்னால். கந்தக வாடை துணியில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றுங்கள், ஜன்னலோடு நிறுத்தினால் திரும்ப உள்ளேதான் வரும். ரப்பர் தீர்ந்துவிட்டது என்று பி.வி.சி. ஷீட்டையோ ரெக்ஸினையோ வைத்து முயற்சி செய்யவே கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வரும், நெஞ்சுக்கும் கேடு, மிஷின் தண்டவாளமும் துருப்பிடித்துப் போகும். கழுவ பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். தின்னர், பெட்ரோலில் கழுவினால் ரப்பர் ஊதிவிடும்.

உள்ளேயே மைப்பேட் இருக்கிற செல்ஃப் இங்க் கட்டைக்குத் தண்ணீர் மைதான். சீலுக்குள்ளேயே மை ஊறியிருக்கிற பிரீ இங்க் சீலுக்கு வருகிற எண்ணெய் மையை அதில் ஊற்றித் தராதீர்கள்.

நீலப்பெட்டிக்காரன்:

தாலுகா ஆபீஸ் பக்கம் என்றதால் சொல்கிறேன் தம்பி, தாசில்தார் சீல், டாக்டர் சீல், நோட்டரி சீல் என்று யாராவது ஒரு பழைய பேப்பரைக் காட்டி 'இதே மாதிரி வேணும்' என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சம்பந்தப்பட்டவர் எழுதிக்கொடுத்த கடிதம், அடையாள அட்டை நகல் இல்லாமல் தொடாதீர்கள். ஒரு நூறு பக்க நோட்டுப் போட்டு, செய்கிற ஒவ்வொரு சீலையும் அதில் ஒரு தடவை குத்தித் தேதி போட்டு, வாங்கிப் போகிறவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் போலீஸ் ஒரு முறை வந்தது, நோட்டைத்தான் கேட்டார்கள்.

ஜெராக்ஸ்கடை:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் நேற்று மூன்று மணிக்கு 36 டிகிரி! பாட்டில் போட்டதும் முள் காட்டிய அதே மில்லி ஆம்பியரில் காலை மாதிரியே வெட்டியது. படிக்கட்டு முதல் தடவை சொதப்பல், நடுவில் ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை. இரண்டாவதை நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டு ஓட்டினேன். 'செயலாளர்' இப்போது புள்ளியோடு நிற்கிறது, நூறு தடவை குத்தியாயிற்று. அந்த அம்மாவுக்கு இரண்டையும் காசு வாங்காமல் கொடுத்தேன். அவர் அங்கேயே தன் கையில் ஒரு தடவை குத்திப் பார்த்துவிட்டு, ஊக்குநருக்கும் ஒன்று வேண்டும் என்றார். அந்த 'க்' புள்ளிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும் போலிருக்கிறது, மேல் வரி இடிக்கிறது.