மாடித்தோட்டத்தில் துணைச்செடி: செண்டுமல்லியை எந்தப் பையில் வைப்பது?

மடிப்பாக்கம்_மாடி:
வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு மொட்டைமாடியில் காய்கறி வைக்கப் போகிறேன். 15-க்கு 15 அங்குலப் பை இருபதும், இரண்டடிச் சதுரப் பை நான்கும் உள்ளன. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடி அவரை, பந்தலில் பீர்க்கு. பாதிப் பைகளில் பழைய மண். போன முறை தக்காளியைப் பிடுங்கியபோது வேரெல்லாம் முண்டு முண்டாக இருந்தது. வெண்டை இலையிலும் நரம்பு மஞ்சளானது. ஊடே செண்டுமல்லி வைத்தால் இரண்டும் நின்றுவிடும் என்கிறார்கள். நான்கு தொட்டியில் நட்டு நடுநடுவே வைத்தால் போதுமா?

வேரடி:
வேர் முண்டுக்கு அது உதவாதுங்க. அந்த முண்டை உண்டாக்குவது வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழு. செண்டுமல்லி அதை அடக்குவது வாசனையால் இல்லை, அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தைனைல் என்ற பொருளால். வேர் ஓடுகிற மண்ணோடு அதன் வேலை முடிந்தது. தரையில் பாத்தி போட்டவருக்குச் சொன்ன யோசனையைப் பைக்கு அப்படியே எடுத்துக்கொள்வதுதான் தப்பு. வேர் வழியாகக் கிடைக்கும் நன்மை அதே பைக்குள் மட்டும்தான் கிடைக்கும். பூச்சி வழியாகக் கிடைப்பது பக்கத்துப் பையிலிருந்தும் கிடைக்கும். எந்தத் துணைச்செடியையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே இடம் பாருங்கள்.

வேரில் முண்டு என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். அவரை, காராமணி வேரை அலசி நகத்தால் தள்ளினால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள் உதிரும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர், நல்லது. வேரே வீங்கி, முண்டைப் பிய்த்தால் வேரும் சேர்ந்து அறுந்தால் நூற்புழு. தக்காளி வேரில் ரைசோபியம் வராது, அதனால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நூற்புழுதான்.

அந்தப் பைகளில் இந்தப் பட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எதுவும் வேண்டாம். இந்த நான்கு செடியிலும் நூற்புழு ஏறும். பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து, பத்து நாள் ஈரமாக வைத்து, பிறகு நான்கு செண்டுமல்லி நாற்று நடுங்கள். குட்டையாக வளரும் பிரெஞ்சு ரகம் இதற்கு நல்லது. 60 முதல் 75 நாள் அந்தப் பையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. பின் வேரோடு எடுத்துப் பொடியாக நறுக்கி அதே மண்ணில் புரட்டி, இரண்டு வாரம் மட்க விடுங்கள். மழை ஓய்ந்து மார்கழியில் தக்காளி நாற்று விட மண் தயாராக இருக்கும். சென்னையில் தக்காளிக்கு அதுதான் நல்ல காலமும்.

நர்சரியில் ‘சாமந்தி’ என்று மட்டும் கேட்டால் வேறு செடி கைக்கு வரும். செண்டுமல்லிக்கு இன்னொரு பெயரான துலுக்கச் சாமந்தி என்று கேட்டு, இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நெடி தூக்கும்.

பொறிவண்டு:
வேரடி சொன்னது சரி. பூச்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

புது மண் பையில் வைக்கும் தக்காளிக்குச் செண்டுமல்லி பொறிப்பயிர். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி அதன் பூவைத் தேடி முட்டை வைக்கும். வயலில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்பது கணக்கு. மாடியில் ஐந்தாறு பைக்கு ஒரு பை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு உயரமான ஆப்பிரிக்க ரகம் எடுங்கள். நாள் கணக்குதான் முக்கியம்: தக்காளி நாற்றுக்கு 25 நாள் ஆகும்போது செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள் ஆகியிருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். ஆகவே விதையை 20 நாள் முந்திப் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பூவை விரித்துப் பார்த்துப் புழுவைப் பொறுக்கவில்லையென்றால், பொறிப்பயிரே புழுவை வளர்த்துத் தரும்.

வெண்டை மஞ்சளாவது வைரஸ், கொண்டு வருவது வெள்ளை ஈ. செண்டுமல்லியால் அது நிற்காது. காற்று வரும் பக்கம் மக்காச்சோளத்தை இரண்டு வரிசை நெருக்கமாக, வெண்டைக்கு 15 நாள் முன்பே விதைத்தால் ஈ வந்து இறங்குவது குறையும். நரம்பு மஞ்சளான செடிக்கு மருந்து கிடையாது, அன்றே பிடுங்கி மூட்டை கட்டுங்கள். மற்ற செடிகளுக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய்: முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயைக் குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்றி, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். சேர்த்துக் குழைக்காவிட்டால் எண்ணெய் மிதந்து இலை கருகும். செம்பருத்தித் தொட்டி இருந்தால் வெண்டையிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே குடும்பம், மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் பொது.

கத்தரிப் பை ஓரத்தில் கொத்தமல்லியை இரண்டாக உடைத்துத் தூவுங்கள். ஆடி வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், நமக்கு வேண்டியதும் அந்தப் பூதான். சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் பூச்சிகள் தேனுக்கு வரும். கத்தரி இலையில் பளபளப்பான பொறிவண்டைக் கண்டால் விட்டுவிடுங்கள். மங்கலாக, மெல்லிய முடியோடு, நிறையப் புள்ளியோடு இருந்து இலையைச் சுரண்டுவது எபிலாக்னா வண்டு, அதை நசுக்க வேண்டும்.

மடிப்பாக்கம்_மாடி:
ரொம்ப நன்றி. வெண்டைப் பையிலேயே அவரையை ஏற்றினால் தழைச்சத்து கிடைக்குமா? பீர்க்கு பக்கத்தில் தேனீக்காகத் துளசி வைக்கலாமா?

கீரைப்பாத்தி:
ஏற்ற வேண்டாங்க. அவரை பிடிக்கும் தழைச்சத்தைப் பெரும்பாலும் அதுவே எடுத்துக்கொள்ளும். வேரும் தழையும் மட்கிய பிறகுதான் அடுத்த பயிருக்கு வரும். அதற்குள் 15 அங்குலப் பையில் இரண்டும் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும், கொடி வெண்டையைச் சுற்றி மடக்கும். அவரைக்குத் தனிப் பை கொடுத்து, காய்ப்பு முடிந்ததும் பிடுங்காமல் மண் மட்டத்தில் அறுத்துவிட்டு, அதே பையில் சிறுகீரை விதையுங்கள். காராமணி வைத்தால் அவரைக்குத் தள்ளி வையுங்கள், இரண்டுக்கும் ஒரே கறுப்பு அசுவினி.

துளசி மற்ற செடிகளுக்கு நல்லதுதான், ஆனால் பீர்க்கு பூப்பது மாலையில், தேனீ அடங்குகிற நேரம். காய் பிடிக்கவில்லையென்றால் ஆறு மணிக்கு மேல் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். பந்தல் நிழலில் அந்த இரண்டடிப் பைகளை வைத்துப் புதினா, பொன்னாங்கண்ணி போடலாம்.