ஸ்நாப்ஷாட்டும் சேவ்டு ஸ்டேட்டும்: ஒரே சொல் போதாது

நண்பர்களே, வணக்கம்.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினிதான் 'விர்ச்சுவல் மெஷின்'. அதில் வரும் 'விர்ச்சுவல்' என்பதைத் தமிழில் 'மாய' என்பதா 'மெய்நிகர்' என்பதா என்று நம்மிடையே நடக்கும் பேச்சில் என் வாக்கு மெய்நிகருக்கு. ஒளியியலில் 'மாயபிம்பம்' பொருந்துகிறது; அந்தப் பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது. இந்தக் கணினியோ உண்மையாகவே வேலை செய்கிறது. 1974இல் கணினி அறிவியலாளர்கள் போபெக், கோல்டுபர்க் இருவரும் இதற்கு வகுத்த இலக்கணமும், உண்மை இயந்திரத்தின் திறன்மிக்க, தனித்து இயங்கும் நகல் என்றுதான் சொல்கிறது. நகல் என்றால் மெய்க்கு நிகர். 'மெய்நிகர் கணினி' என்றே வைத்துக்கொள்வோம். ஜாவா நிரல்மொழியின் விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும் 'மெய்நிகர் பொறி' இருக்கட்டும். அது முழுக் கணினி அல்ல.

நான் எழுத வந்தது 'ஸ்நாப்ஷாட்', 'சேவ்டு ஸ்டேட்' என்ற வேறு இரண்டு சொற்களைப் பற்றி.

போன வாரம் என் மடிக்கணினியில் மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினேன். உள்ளே உபுண்டு இயங்குதளம் போட்ட ஒரு மெய்நிகர் கணினி இருந்தது, தமிழ்99 விசைப்பலகையைச் சோதிப்பதற்காக வைத்தது. அதிலேயே நம் சொற்பட்டியலுக்கு நாற்பது விளக்கங்கள் தட்டச்சு செய்திருந்தேன். கோப்பைச் சேமிக்கவில்லை. சன்னலை மூடும்போது 'நிலையைச் சேமி' என்று கொடுத்தேன், எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கையில். அப்புறம் மேம்படுத்தினேன். உபுண்டுவைத் தொடங்கினால், சேமித்த நிலையைப் படிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி. அந்த நிலையைக் கைவிடுவது தவிர வழியில்லை. கைவிட்டால், ஓடும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கியது போலத்தான். வட்டு பிழைத்தது, நாற்பது விளக்கங்களும் போயின.

இதில் சொல்லுக்கும் பங்கு உண்டு. புதியவர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் 'ஸ்நாப்ஷாட்', 'சேவ்டு ஸ்டேட்' இரண்டையும் 'நிலைச் சேமிப்பு' என்றே எழுதியிருக்கிறேன். எழுதி எழுதி என் மனதிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உண்மையில் வேறு வேறு. சேவ்டு ஸ்டேட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தையும் அதன் கருவிகளின் அந்நேரத்து நிலையையும் அப்படியே ஒரு கோப்பில் இறக்கி வைப்பது. புதிய பதிப்பில் அந்தக் கருவிகளின் அமைப்பு மாறியிருந்தால் பழைய கோப்பு ஒட்டாமல் போகலாம். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வீடு மாற முடியாது; எழுப்பித்தான் கூட்டிப்போக வேண்டும்.

அதனால் இதற்கு 'துயில்நிலை' என்று முன்மொழிகிறேன். வினை தானாக அமைகிறது: துயிலவை, துயிலெழுப்பு. 'உறைநிலை' என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தயக்கம், இயற்பியலில் அது வெப்பநிலையோடு சேர்ந்துவிட்டது.

ஸ்நாப்ஷாட்டுக்கு 'நொடிப்படம்', 'கணப்படம்' இரண்டும் வந்திருக்கின்றன. அழகான சொற்கள்தான், ஆனால் படம் என்றவுடன் திரைப்பிடிப்பு என்று நினைத்துவிடுவார்கள். இதை எடுப்பது பார்ப்பதற்காக அல்ல, ஏதாவது கெட்டால் அந்த இடத்துக்குத் திரும்பி வருவதற்காக. 'மீள்நிலை' என்றால் பயன் சொல்லிலேயே தெரிகிறது. 'மீள்நிலை எடுத்தாயா?' என்று வாயிலும் வருகிறது. என் தங்கை அலுவலகக் கணினியில் இதே மென்பொருளை மேம்படுத்தப் போவதாகச் சொன்னாள். தொலைபேசியில், "துயில்நிலையில் இருப்பதை எழுப்பி முறையாக அணை, அப்புறம் மீள்நிலை எடு" என்றேன். பொருள் கேட்காமல் செய்துவிட்டாள்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கணினி அணைந்திருக்கும்போது எடுக்கும் மீள்நிலையில் வட்டும் அமைப்புகளும் மட்டுமே இருக்கும். ஓடும்போது எடுத்தால் நினைவகமும் சேர்ந்துகொள்ளும், அதாவது உள்ளுக்குள் ஒரு துயில்நிலை. அதுவும் மேம்படுத்திய பின் எழாமல் போகலாம். இரண்டையும் பிரித்துக் காட்ட 'வட்டு மீள்நிலை', 'துயில் மீள்நிலை' என்று சொல்லலாமா? இரண்டு சொல்லும் தனித்தனியாக இருப்பதால்தான் இப்படிச் சேர்க்கவே முடிகிறது.

இடம் கொடுக்கும் உண்மைக் கணினியான ஹோஸ்ட், அதற்குள் ஓடும் கெஸ்ட் இரண்டுக்கும் 'விருந்தோம்பி', 'விருந்தினர்' போதும். நீட்ட வேண்டாம்.

எனக்குச் சொல் கிடைக்காத ஒன்று மீதி இருக்கிறது. மீள்நிலை எடுத்த பிறகு பழைய வட்டுக் கோப்பில் எதுவும் எழுதப்படாது. புதிய மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பில் சேரும். இடம் இல்லையே என்று அந்தக் கோப்பைக் கையால் அழித்துவிட்டால், மீள்நிலைக்குப் பின் செய்தது அத்தனையும் போய்விடும். 'வேறுபாட்டு வட்டு' என்றால், அழித்தாலும் பரவாயில்லை போல ஒலிக்கிறது. 'மேலடுக்கு' என்று யோசித்தேன், அடியில் இன்னொன்று இருப்பதை அது காட்டுகிறது. ஆனால் வலையமைப்புப் பாடத்தில் 'அடுக்கு' வேறு பொருளில் இருக்கிறது. கையேட்டின் அந்தப் பக்கத்தை இன்னும் திருத்தாமல் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.