கண்ணில் கெட்டிப்படும் சொட்டு மருந்து: ‘திரள்சொட்டு’ சரியா?

வணக்கம்.

‘இன் சிட்டு ஜெல்’ என்னும் கண் மருந்துக்குத் தமிழ்ப்பெயராகக் ‘கண்களிமம்’ (களிமம் என்பது ஜெல்) வேண்டாம். மருந்துக்கடையில் களிம்பு என்றால் ட்யூபிலிருந்து பிதுக்கி இமைக்குள் இடுவது. களிமம் என்றாலும் அதையே எடுத்துத் தருவார்கள். இன் சிட்டு ஜெல்லோ புட்டியில் நீர்மம், விழுவதும் சொட்டாக. கண்ணில் பட்ட பிறகுதான் கெட்டியாகிறது.

ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணீர்ப் படலமோ ஏறத்தாழ 7. மிஞ்சியது கன்னத்தில் வழியும், இல்லையேல் மூக்குக்கு இறங்கும். சாதாரணச் சொட்டில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான மருந்தே கண்ணுக்குள் சேர்கிறது. கெட்டியானால் கூடுதல் நேரம் தங்கும்: கண் அழுத்த நோய்க்கான டைமோலாலை வழக்கமாக நாளுக்கு இருமுறை இடுவார்கள், கண்ணில் கெட்டியாக்கும் ஜெல்லன் கோந்து சேர்த்ததை ஒருமுறை.

‘உறைசொட்டு’ம் பொருந்தாது. இன்னொரு கெட்டியாக்கியான பொலாக்ஸமர் 407 குளிரில் இளகும், கண்ணின் சூட்டில் இறுகும். உறைதல் என்றதும் நினைவுக்கு வரும் பனிக்கட்டிக்கு நேர் எதிர். (இதில் பலர் சறுக்குவது: கண்ணீர் கலந்து நீர்த்தால் இறுகும் வெப்பநிலை மேலே ஏறிவிடும். 40 பங்கு மருந்துக்கு 7 பங்கு செயற்கைக் கண்ணீர் சேர்த்தே சோதிக்கவேண்டும்.) ஜெல்லன் இறுகுவது கண்ணீரின் சோடியம், கால்சியம் அயனிகளால். அயனி நீக்கிய நீரில் தயாரிக்காவிட்டால் புட்டிக்குள்ளேயே இறுகும். மற்றொரு கெட்டியாக்கியான கார்போபால் இறுகப் பிஎச் (அமில-கார அளவு) உயரவேண்டும்.

காரணம் எதுவானாலும் வெண்ணெய்போல் திரள்கிறது. ஆகவே திரள்சொட்டு, வகைக்கு வெப்பத் திரள்சொட்டு, அயனித் திரள்சொட்டு, பிஎச் திரள்சொட்டு.

*

ஐயா, திரள்சொட்டு எனக்கும் உடன்பாடு. ஒரு முரண் மட்டும். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருப்பதையும் ‘திரளல்’ என்றே எழுதுகிறோம். அது பழுது. உப்பு கூடினால் துகள்களின் மின்சுமை மறைபடும், விலக்கம் குறையும், ஒட்டிக்கொள்ளும். 10 மைக்ரானைத் தாண்டினால் கண் உறுத்தும். நானோ துகள் ஏற்றிய திரள்சொட்டில் ‘திரண்டது’ என்றால் மருந்து வேலை செய்ததா, கெட்டதா? பழுதுக்குத் ‘துகள் ஒட்டல்’ என்று பிரித்துவிடலாம்.

‘நானோ’வை மொழிபெயர்க்காமல் நானோவாகவே விடுங்கள். ‘நுண்துகள்’ என்ற சொல் மைக்ரோ துகளுக்குப் போய்விட்டது; அளவு ஆயிரம் மடங்கு பிசகும்.

ஜெல்லன் வகைக்குச் சீட்டு வாசகம் இப்படி வரும்: “மூடியைத் திறக்காமல் புட்டியைக் கவிழ்த்து ஒருமுறை குலுக்கவும். வேறு சொட்டு மருந்து இருந்தால் 10 நிமிடம் முன்பே இடவும். திரள்சொட்டு இட்டதும் சற்று நேரம் பார்வை மங்கலாம்.” உறுத்தாமல் உட்காருகிறது.