கோல்டு கார்டு எனக்கு மட்டும், கூட வருவது ஐந்து பேர்: கொழும்பு வழியா மெல்போர்ன், யாரை லவுஞ்சுக்குள் கூட்டிப் போவது?

கப்பலூர் மோல்டு கேட்டது:

வணக்கம். கப்பலூர் சிட்கோவில் டயர் மோல்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இலங்கையில் சாலிட் டயர் ஃபேக்டரிகள் நிறைய. அதனால் மாதம் ஒரு தடவையாவது மதுரையிலிருந்து கொழும்பு போக வேண்டியிருக்கும். சில சமயம் அங்கிருந்து கோலாலம்பூர், ஜகார்த்தா என்று நீளும். இப்படி அலைந்து அலைந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் அடிக்கடி பறப்பவர் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸில் கோல்டு வந்துவிட்டது. அந்த ஏர்லைன்ஸ் சேர்ந்திருக்கும் ஒன்வேர்ல்டு கூட்டணியின் கணக்கில் அது சஃபையர் என்ற படி.

அக்கா மெல்போர்னில் இருக்கிறாள். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், திருப்பரங்குன்றம் கிரிவலத்தை விட்டே மூன்று வருஷம் ஆகிறது. இந்தத் தடவை எல்லோருமாகப் போகிறோம். நான், மனைவி, 11 வயசும் 4 வயசுமாக இரண்டு பையன்கள், அப்பா, அம்மா. மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரம்தான். அங்கே காலையில் இறங்கினால் மெல்போர்ன் விமானம் ராத்திரிக்கு. பகல் பூராவும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கார்டுக்கு ஏர்போர்ட் ஓய்வறையான லவுஞ்சில் கூட ஒரே ஒருத்தரை அழைத்துப் போகலாம். யாரை என்பதுதான் கேள்வி.

ஏன் இவ்வளவு யோசிக்கிறேன் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. சென்னையிலிருந்து ஒரு வெளிநாட்டு விமானத்தில் எல்லோரும் கிளம்பினோம். பெயர் வேண்டாம். என் டிக்கெட்டை ஆபீஸ் போட்டது, அவர்கள் டிக்கெட்டை நான் தனியாகப் போட்டேன். செக்-இன்னில் என்னை முன்னுரிமை வரிசைக்கு அனுப்பினார்கள். அம்மா அப்பாவைக் கூட விடுங்கள் என்று கேட்டதற்கு, வேறு புக்கிங் என்று சொல்லி நீள வரிசைக்குத் திருப்பிவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா, கையில் மாத்திரைப் பை. முக்கால் மணி நேரம் நின்றாள்.

பிறகு லவுஞ்சுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். உள்ளே போய் எதையும் தொடவில்லை. "அப்பா வெளிய உக்காந்திருக்காரே" என்றாள். நான் ரொம்பச் சொன்ன பிறகு எழுந்து போய், தட்டில் இரண்டு மெதுவடை எடுத்து, பேப்பர் நாப்கினில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், பேரன்களுக்காம். அங்கே நின்ற பையன் மரியாதையாகத்தான் சொன்னான், வெளியே எடுத்துப் போகக்கூடாதும்மா என்று. அம்மா அந்த மடிப்பைப் பிரித்து, இரண்டு வடையையும் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அங்கே ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. அந்தப் பையன் மேல் தப்பில்லை, அது அவர்கள் விதி. ஆனால் அம்மாவை அப்படி ஒரு இடத்தில் நிறுத்தியது நான்.

இந்தத் தடவை அப்படி எதுவும் நடக்கக்கூடாது. கேட்க வேண்டியது மூன்று:

மெல்போர்னில் முதல் இரண்டு நாள் எனக்கு ஒரு கஸ்டமர் மீட்டிங். அதனால் ஆபீஸ் மறுபடியும் என் டிக்கெட்டைத் தனியாகப் போடப் பார்க்கிறது. விடலாமா? கார்டுக்குக் கிடைக்கும் கூடுதல் எடையை அம்மாவின் பெட்டிக்குப் பயன்படுத்த முடியுமா? லவுஞ்சுக்கு அம்மாவா, அப்பாவா?

---

மேலமாசி வீதி டிக்கெட் பதில்:

தம்பி, மேலமாசி வீதியில 22 வருஷமா டிக்கெட் போடுறேன். முதல் கேள்விக்கு ஒரே பதில், விடாதீங்க. ஆறு பேரும் ஒரே பிஎன்ஆர், அதாவது ஒரே புக்கிங் நம்பர். ஆபீஸ்ல பேசி, உங்க பங்குப் பணத்தைப் பில்லு வச்சு வாங்கிக்கோங்க. கார்டோட சலுகை கார்டு வச்சிருக்கிற ஆளுக்குத்தான். ஆனா ஒரே புக்கிங்ல ஒண்ணா வந்து நின்னா, பிசினஸ் கவுண்டர்ல குடும்பத்தைப் பிரிச்சு அனுப்புறது அபூர்வம். வேற வேற பிஎன்ஆரா இருந்தா அந்தக் கவுண்டர்ல இருக்கிறவருக்கு உங்க அம்மா யாரோ ஒரு பயணி. ரெண்டு பிஎன்ஆரையும் இணைச்சு ஒரு குறிப்புப் போடலாம்தான், ஆனா குறிப்பு குறிப்புதான். அதை நம்பி வயசானவங்களை நிக்க வைக்காதீங்க.

எடை. சஃபையருக்கு, எடைக் கணக்கு உள்ள டிக்கெட்ல (பெட்டி எண்ணிக்கை இல்லாம கிலோவாப் பார்க்கிறது) 15 கிலோ கூடுதல். அது உங்க பேர்லதான் ஏறும். ஆறு பேரும் சேர்ந்து பெட்டியைப் போட்டா மொத்தமாக் கூட்டிப் பார்ப்பாங்க. டிக்கெட்ல ஆளுக்கு 30 கிலோன்னா 180, உங்க 15 சேர்த்தா 195. யார் பெட்டியில எது இருந்தா என்ன? ஆனா ஒத்தைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. அது தூக்குற ஆளோட முதுகுக்காக வச்ச வரம்பு, எந்தக் கார்டுக்கும் தளராது. முன்னுரிமை டேக்கை உங்க பெட்டிக்கு மட்டும் கட்டுவாங்க. எல்லாப் பெட்டிக்கும் கட்டச் சொல்லிக் கேளுங்க, கேட்டாத்தான் கட்டுவாங்க.

அம்மாவுக்குக் கார்டை விட வீல்சேர் பெருசு தம்பி. அதுக்குக் காசு கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன்னாடியே புக்கிங்ல ஏத்திடணும். அதுலயும் மூணு வகை. படி ஏறுவாங்க, ஆனா நெடுந்தூரம் நடக்க முடியாதுன்னா ஒரு கோடு. படியே ஏற முடியாது, உள்ள மட்டும் சீட்டு வரைக்கும் நடப்பாங்கன்னா இன்னொண்ணு. சீட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்னா மூணாவது. முழங்கால் தேய்மானம்னு சொல்றீங்க, ரெண்டாவதைப் போடச் சொல்லுங்க. முதல் வகையைப் போட்டுட்டு, ஏரோபிரிட்ஜ் (கட்டடத்துல இருந்து நேரா விமானத்துக்குள்ள போற பாலம்) கிடைக்காம விமானத்தடியில படிக்கட்டைப் பார்த்து நின்ன பெரியவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். வீல்சேர்காரங்களை முதல்ல ஏத்துவாங்க, இறக்குறது கடைசியில. சின்னப் பிள்ளை உள்ள குடும்பத்தையும் பெரும்பாலும் முன்னாடியே கூப்பிடுவாங்க. ஆகமொத்தம், முன்னாடி ஏறுறதுக்கு உங்க கோல்டு தேவையே படாது.

சீட்டு. தனியாப் போறப்ப எமர்ஜென்சி கதவு வரிசைதானே எடுப்பீங்க? அதை மறந்துடுங்க. பிள்ளைகளையும் முடியாதவங்களையும் அங்க உக்கார விட மாட்டாங்க. கொழும்பு வரைக்கும் மூணு மூணு சீட்டு, ஒரே வரிசையில ஆறு பேரும் சரியா வரும். மெல்போர்னுக்கு ஏ330 விமானம் போட்டா ரெண்டு, நாலு, ரெண்டு. சன்னல் ஓரம் ரெண்டுல அம்மா அப்பா, நடு நாலுல நீங்களும் பிள்ளைகளும். நடுவுல ஒரு நடைபாதைதான்.

---

திருநகர் அக்கா பதில்:

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். அம்மா இருக்காங்க, அப்பா இருக்காங்க, அக்கா இருக்காங்க, ஆபீஸ் இருக்கு. உங்க மனைவி "மனைவி"ன்னு ஒத்தைச் சொல்லா இருக்காங்க. பகல் பூரா நாலு வயசுப் பிள்ளையோட வெளிய இருக்கப் போறது அவங்க. லவுஞ்சுக்கு அம்மாவா அப்பாவான்னு எங்ககிட்ட கேக்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேட்டீங்களா?

கோவமாச் சொல்லல. எங்க வீட்டுல நடந்ததுதான். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல வேலை, சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட கிறிஸ்ஃப்ளையர் திட்டத்துல எலைட் கோல்டு. 12 மாசத்துல 50,000 எலைட் மைல் சேர்த்தாத்தான் அது. அந்த ஏர்லைன்ஸ் இருக்கிற ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியிலயும் இதே கதை, கூட ஒருத்தர், அதுவும் அதே விமானத்துல போறவரா இருக்கணும். நாலு வயசுப் பிள்ளையும் ஒரு ஆள் கணக்குதான். ஒரு தடவை அத்தையைக் கூட்டிட்டு அவர் உள்ள போனார். நான் ரெண்டு பிள்ளைகளோட கேட் பக்கத்துல. சின்னவ வாந்தி எடுத்துட்டா. மாத்துத்துணி இருந்த பை அவர் தோள்ல, லவுஞ்சுக்குள்ள. அதுக்கப்புறம் அவர் குடும்பத்தோட வர்றப்ப லவுஞ்ச் பக்கமே போறதில்ல.

இன்னொண்ணு, இங்க நிறையப் பேருக்குத் தெரியறதில்ல. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரா ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல போனா அந்தக் கோல்டு செல்லாது. ஏர் இந்தியாதான் ஸ்டார் அலையன்ஸ், எக்ஸ்பிரஸ் அதுல இல்ல. கார்டுக்காகச் சென்னை போய்ச் சுத்துறதா, இங்கேயே ஏறுறதான்னு பார்த்தா, பிள்ளைகளோட நான் எப்பவும் மதுரைதான். வீட்டுல இருந்து அவனியாபுரம் வழியா அரைமணி நேரத்துல ஏர்போர்ட். அதை விடப் பெரிய சலுகை எந்தக் கார்டும் தராது.

கொழும்புல அவ்வளவு நேரம் இருக்குன்னா லவுஞ்சையே மறந்துட்டு நீர்கொழும்புல ஒரு ரூம் போடுங்க. ஏர்போர்ட் இருக்கிற கட்டுநாயக்காவிலிருந்து பக்கம்தான். பெரியவங்க காலை நீட்டிப் படுப்பாங்க, பிள்ளைங்க ஓடி ஆடும். பெட்டி மெல்போர்ன் வரைக்கும் நேராப் போயிடும். வெளிய வர்றதுக்கு ஆறு பேருக்கும் ஈடிஏ (ஆன்லைன்ல எடுக்கிற இலங்கை நுழைவு அனுமதி) மட்டும் முன்கூட்டியே எடுத்து வச்சுக்கோங்க.

அக்காவுக்குன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கட்டிடாதீங்க. இந்தியாவிலிருந்து பால் இனிப்பை ஆஸ்திரேலியாவுக்குள்ள விட மாட்டாங்க. கருவேப்பிலையும் அப்படித்தான். பொடி, ஊறுகாய் எதுவா இருந்தாலும் இறங்குறப்ப குடுக்கிற அட்டையில சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு டிக் பண்ணிட்டு எடுத்துக் காட்டச் சொல்லுங்க. காட்டினா மிஞ்சிப் போனா எடுத்துப் போட்டுடுவாங்க. மறைச்சா அபராதம்.

---

கப்பலூர் மோல்டு பதில்:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உண்மைதான். அவளிடம் நான் கேட்கவே இல்லை.

நேற்று ராத்திரி பையன்கள் தூங்கிய பிறகு கேட்டேன். லவுஞ்ச் என்றதும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "அதை அத்தைக்கோ மாமாவுக்கோ வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணுதான் வேணும். கொழும்புல இருந்து மெல்போர்ன் பதினோரு மணி நேரம்னு சொன்னீங்கல்ல, அதுல நாலு மணி நேரம் நான் தூங்கணும். அந்த நாலு மணி நேரம் சின்னவன் உங்ககிட்ட இருக்கணும், லேப்டாப் தலைக்கு மேல பெட்டி வைக்கிற இடத்துல இருக்கணும்" என்றாள். போன பயணத்தில் அவள் கண்ணே மூடவில்லையாம். முன்னுரிமை வரிசையில் முதலில் ஏறி, முன்பக்கம் கால் நீட்டும் சீட்டில் தூங்கிக்கொண்டு போன எனக்கு அது தெரியாது. அவள் எட்டு வரிசை பின்னால் இருந்தாள்.

ஆபீஸில் இன்று பேசிவிட்டேன். டிராவல்ஸ் பார்க்கும் பையன் முதலில் முடியாது என்றான். டிக்கெட் விலை அதே விலைதான், பில் மட்டும் என் பேரில் வரும் என்று எழுதிக் கொடுத்ததும் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். ஆறு பேருக்கும் ஒரே பிஎன்ஆர். மீட்டிங்கை ஒரு நாள் தள்ளி வைத்தேன்.

நீர்கொழும்பில் ரூம் பார்த்தாகிவிட்டது, தரைத்தளத்தில். அப்பாவுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமாம், அதையும் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அண்ணே, உங்களிடம் ஒரு சந்தேகம். அப்பா நன்றாக நடப்பார். ஆனால் அம்மாவை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக மூச்சு வாங்குகிறது. அவருக்கும் போடலாமா?

---

மேலமாசி வீதி டிக்கெட் பதில்:

தாராளமாப் போடலாம். அவருக்கு முதல் வகை போதும். ரெண்டு வீல்சேருக்கும் ரெண்டு ஆள் வருவாங்க. அம்மா கூட உங்க மனைவி, அப்பா கூட நீங்கன்னு ஆளுக்கு ஒருத்தரா நின்னுக்கோங்க. சில நேரம் லிஃப்டுக்குன்னு வேற வேற வழியாக் கூட்டிட்டுப் போவாங்க. பாஸ்போர்ட்டும் மாத்திரைப் பையும் அவங்கவங்க கூட நிக்கிறவங்க கையில இருக்கட்டும்.

டிக்கெட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பாருங்க. உங்க கோல்டு கார்டுல இனிஷியல் எப்படி இருக்கு? நம்ம ஊர்ப் பேர்ல இதுதான் தொல்லை. பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா சர்நேம்ல இருக்கும், கார்டுல ஒத்தை எழுத்தா இருக்கும். டிக்கெட்ல பாஸ்போர்ட் பேர்தான் போடணும். அது கார்டோட ஒத்துப்போகலன்னா நம்பர் புக்கிங்ல ஒட்டாம நின்னுடும். அப்புறம் கவுண்டர்ல நீங்க சாதாரணப் பயணி, அந்த 15 கிலோவும் காட்டாது. கார்டு பேரை முதல்ல சரி பண்ணிட்டு, சனிக்கிழமை ஆறு பாஸ்போர்ட்டோட வாங்க. பதினோரு மணிக்கு மேல கடையில இருப்பேன்.